தாடை கழன்ற கார்

எங்கள் ஊர் வில்லா ஒம்பூவில் அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குப் போனவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். மற்ற எல்லோரும் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தோம். சனிக்கிழமையே லாரியிலும் டிராக்டரிலும் வந்து, கம்பி வேலியை ஒட்டி இடம் பிடித்து, கரி மூட்டி, மாட்டு விலாவை வாட்டிக்கொண்டு, மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு காத்திருந்தோம். சாலைக்கு இந்தப் பக்கம் ஷெவ்ரலே கொடிகள், அந்தப் பக்கம் ஃபோர்டு கொடிகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர். கார் கண்ணில் படுவது ஒரு நொடிதான். மிச்சப் பந்தயத்தை ரேடியோவில் கேட்டால்தான் உண்டு. மேலே ஒரு சின்ன ஒலிபரப்பு விமானம் கார்களைத் தொடர்ந்து பறந்து சேதி சொல்லும்.

அறுபத்தெட்டாம் வருஷம் அது. கார்களின் உருவமே மாறிக்கொண்டிருந்த காலம். அதுவரை இந்தச் சாலைப் பந்தயங்களில் ஓடியவை எல்லாம் எங்கள் அப்பாக்கள் காலத்து இரண்டு கதவுக் கூபே கார்கள். அலமாரியை நிமிர்த்தி வைத்ததுபோல உயரம், நெற்றிபோலச் செங்குத்தாகக் கண்ணாடி, உருண்டைத் தோள்கள். காற்றை அவை நெஞ்சால் முட்டித் தள்ளிக்கொண்டு போகும். இரண்டே வருஷத்தில் அவற்றைத் துரத்திக்கொண்டு புது வகை வந்துவிட்டது. தரையோடு தரையாக, மூக்கு நீண்டு, வால் சரிந்து, அலுமினியத் தகட்டில் அடித்த உடல். உள்ளே அதே ஆறு சிலிண்டர் இயந்திரம்தான். ஆனால் வேகம் முப்பது நாற்பது கிலோமீட்டர் கூடிவிட்டது.

எங்கள் ஊர் ஷெவ்ரலே ஓட்டுநர் ஒரெஸ்தே மார்க்கேசி ரொம்ப நாள் கூபேயை விடவில்லை. தொடர்ந்து தோற்ற பிறகுதான் வழிக்கு வந்தான். புதுக் காரின் உடலை வரைந்தவள் அவனுடைய தங்கை தேலியா. விமான எஞ்சினியரிங் படித்தவள். கோர்தோபா விமானத் தொழிற்சாலையில் சில வருஷம் விமானங்களுக்கு இறக்கை கணக்குப் போட்டவள். ஒரெஸ்தேக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஓடுகிற துணை ஆள் எவாரிஸ்தோ, அவள் கணவன். மீட்டர்களைப் பார்ப்பது, முன்னால் வரும் வளைவைச் சொல்வது, டயர் மாற்றுவது எல்லாம் அவன் வேலை.

புதுக் கார் முதல்முறை பட்டறையை விட்டு வெளியே வந்தபோது ஃபோர்டு ஆட்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “ஒரெஸ்தே, அது காரா, குளிச்சு மிச்சம் வச்ச சோப்புக்கட்டியா?” என்று கேட்டார்கள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் சோப்புக்கட்டி.

அந்த மூக்கின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பட்டறையில் அதைத் தாடை என்பார்கள். ஒரெஸ்தேக்கு அதைப் பிடிக்கவே இல்லை.

“ஒவ்வொரு ரயில்வே கேட்லயும் தரையில உரசுது. பார்க்கவும் அசிங்கம். எடுத்துடு.”

“எடுத்தா மூக்குக்கு அடியில காத்து பூந்துடும்” என்றாள் தேலியா. “நீ ஓட்டுறது ரெண்டு டன் கூபே இல்ல. இந்த உருவமே ஒரு இறக்கை மாதிரிதான் இருக்கு. தாடைதான் அதைத் தரையில புடிச்சு வைக்குது. இருநூறுக்கு மேல அது இல்லாம போனா நீ கார் ஓட்டல, ஏரோப்ளேன் ஓட்டுற.”

“ஏரோப்ளேன் ஓட்ட எனக்கு லைசென்ஸ் கிடையாது.”

“அதனாலதான் சொல்றேன், தொடாத.”

தொடவில்லை. தாடையோடுதான் பந்தயத்துக்கு வந்தார்கள்.

நான்கு ஊர்களைத் தொட்டுத் திரும்பும் சுற்று அது. வில்லா ஒம்பூ ரயில்வே கேட்டைத் தாண்டியதும் எங்கள் ஆட்களின் உதவிக் கூடாரம். அதற்குப் பிறகு வளைவுகள், சின்ன ஊர்கள். கடைசியில் சோள வயல்களுக்கு நடுவே கோடு கிழித்ததுபோல ஒரு நேர்ச் சாலை. அதன் முடிவில் கால்வாய்ப் பாலம். ஒட்டகத்தின் திமில்போல மேடு தூக்கி நிற்கும் பாலம். நேர்ச் சாலையில் மிதித்த மிதியை எடுக்காமல் அந்தத் திமிலைத் தாண்டுகிறவன்தான் ஜெயிப்பான். கார் நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பி, அந்தப் பக்கம் போய் இறங்கும். முதல் இரண்டு சுற்றிலும் ஒரெஸ்தே அப்படித்தான் தாண்டினான். சோப்புக்கட்டி தட்டையாக எழும்பித் தட்டையாக இறங்கியது. ஃபோர்டு கொடி பிடித்தவர்கள்கூட வாயடைத்து நின்றார்கள்.

மூன்றாவது சுற்றில் அவன்தான் முதலாவது. பின்னால் விடாமல் துரத்தி வந்தவன் தாந்தே பெலிசாரி, ஃபோர்டுக்காரன். அவன் இன்னும் பழைய கூபேயில்தான் ஓடிக்கொண்டிருந்தான்; நேர்ச் சாலையில் இழந்ததை வளைவுகளில் பிடித்துவிடுவான்.

சோப்புக்கட்டி கூடாரத்தைத் தாண்டிச் சீறிப் போனது. கூடாரத்தில் குனிந்து வேலையாக இருந்த தேலியா தலையை மட்டும் நிமிர்த்தி, மூக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க முயன்றாள். புழுதிதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் வேலி ஓரமாக ஒரு பால் வண்டிக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். தலையில் ஃபோர்டு தொப்பி. கையில் வளைந்து நெளிந்த ஒரு அலுமினியத் தகடு.

“ஏம்மா, உங்க சோப்புக்கட்டிக்கு தாடை கழண்டு விழுந்துடுச்சு!” என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். “கேட்ல தண்டவாளத்துல மோதி தெறிச்சுது. என் மச்சான் காலு தப்பிச்சதே பெருசு. வீட்டுல மாட்டி வச்சுக்கலாம்னான். நான்தான் நியாயமா கொண்டு...”

தேலியாவின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் தகட்டை வாங்கிக்கொண்டாள். போல்ட் துளைகள் கிழிந்திருந்தன. சாலையைப் பார்த்தாள். கார் போன சத்தம்கூட இப்போது இல்லை.

“பாலம்” என்றாள்.

அணியின் பொறுப்பாளர் ஃபெர்மின் அருகில் வந்தார். “என்ன ஆச்சு?”

“தாடை இல்லாம பாலத்துல ஏறினா முன்பக்கம் தூக்கும். தூக்கினா இறங்காது. மல்லாக்க விழும்.”

“ஒரெஸ்தேக்கு தெரியாமலா போகும்? ஸ்டியரிங் லேசாகுமே.”

“இன்னைக்கு பின்காத்து. நேர்ச் சாலையில அவனுக்கு நல்லா ஓடுதுன்னுதான் தோணும். பாலத்துலதான் தெரியும். தெரியும்போது ஒண்ணும் பண்ண முடியாது.”

“போன் பண்ணிச் சொல்லலாமா?”

“எக்ஸ்சேஞ்ச் பொண்ணு எங்க இருக்கா? அதோ, அந்த டிராக்டர் மேல.”

இன்னொரு காரில் துரத்திப் பிடிக்க முடியாது. பாலத்தில் கொடிக்காரர் ஒருவர் நிற்பார். ஆனால் அந்த வேகத்தில் கொடியைப் பார்த்து பிரேக் போட்டால் கார் நிற்பதற்குள் பாலமே வந்துவிடும். பாலத்துக்கு வெகு முன்னாலேயே சொல்ல வேண்டும். தேலியா சுற்றுமுற்றும் பார்த்தாள். கூடாரத்தை ஒட்டி ஒலிபரப்பு வண்டி நின்றது. கூரையில் உட்கார்ந்து மைக்கில் கத்திக்கொண்டிருந்தார் அறிவிப்பாளர் அமில்கர் ரோல்தான்.

அவள் வண்டி ஏணியில் கால் வைத்ததும் ஃபெர்மின் கையைப் பிடித்தார்.

“தேலியா, நில்லு. ரேடியோவில சொன்னா பெலிசாரி ஆளுங்களுக்கும்தான் கேட்கும். அடுத்த தடவை நிறுத்தும்போது அவன்கிட்ட சொல்லிடுவாங்க. பந்தயம் போச்சு.”

“ஃபெர்மின், கையை விடு.”

“இருபது பேர் ராத்திரி பகலா உழைச்சது...”

“உள்ள இருக்கறது என் அண்ணன். பக்கத்துல இருக்கறது என் புருஷன். கையை விடுன்னேன்.”

அவர் விட்டார்.

ரோல்தான் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டார். ஆள் நல்ல பருமன், எப்போதும் வேடிக்கையாகப் பேசுகிறவர். கேட்டு முடிந்ததும் வேர்த்துவிட்டது.

“நான் சொல்றேன். சாலை முழுக்க ஜனம் இருக்கு, எல்லார்கிட்டயும் ரேடியோ இருக்கு. எழுதிக் காட்டச் சொல்றேன். ஆனா உங்க அண்ணன் நம்புவானா? முதல் சுற்றுலயே ஃபோர்டு பசங்க ‘சக்கரம் கழலுது’ன்னு எழுதிக் காட்டினாங்க. அவன் கையை ஆட்டிட்டுப் போனான்.”

தேலியா ஒரு கணம் யோசித்தாள்.

“கெளுத்தின்னு எழுதச் சொல்லுங்க.”

“என்னது?”

“கெளுத்தி மீன். வீட்டுல அம்மா அவனை அப்படித்தான் கூப்பிடுவாங்க. சின்ன வயசுல வாய் பெருசா இருக்கும். வெளியில யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா கொன்னுடுவேன்னு சொல்லியிருக்கான்.”

ரோல்தான் மைக்கிலிருந்து கையை எடுத்தார். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. அதில் வேடிக்கையே இல்லை.

“நேர்ச் சாலையில இருக்கற எல்லாரும் கேளுங்க. ஷெவ்ரலேயோ ஃபோர்டோ, யாரா இருந்தாலும் கேளுங்க. மார்க்கேசியின் காருக்கு முன் தகடு இல்ல. பாலத்துல வேகமா ஏறினா ரெண்டு பேரும் செத்துடுவாங்க. அவங்களுக்குத் தெரியாது. கையில கிடைக்கறதுல ‘கெளுத்தி, மெதுவா’ன்னு எழுதுங்க. எழுத முடியாதவங்க கையை நீட்டி, உள்ளங்கையால தரையை அமுக்குற மாதிரி காட்டுங்க. எல்லாரும். ஒருத்தர் விடாம.”

திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நாங்கள் ரேடியோவைச் சுற்றி நின்றோம். அடுப்பில் இறைச்சி கருகியது, யாரும் திருப்பவில்லை. தேலியா ஏணியின் கடைசிப் படியில் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

காருக்குள் நடந்ததை எவாரிஸ்தோ பிற்பாடு எங்களுக்குச் சொன்னான்.

நேர்ச் சாலையில் திரும்பியதும் ஒரெஸ்தே மிதியைத் தரைவரை அழுத்தினான். இயந்திரம் அலறியது. பேச வேண்டுமானால் காதருகே கத்த வேண்டும்.

“எப்படிப் போகுது பார்த்தியா ஒல்லி? வெண்ணெயில கத்தி மாதிரி!”

எவாரிஸ்தோ எண்ணெய் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டியரிங் ஒரெஸ்தேயின் கையில் இங்கும் அங்கும் லேசாக அலைவதையும் பார்த்தான். கார் நேராகத்தான் போனது. அதனால் பெரிதாக நினைக்கவில்லை.

முதலில் ஒரு மேஜைவிரிப்பு வந்து போனது. சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது. அந்த வேகத்தில் படிக்க முடியவில்லை. அடுத்து ஒரு படுக்கை விரிப்பு. ‘மெதுவா’ என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டது.

“மெதுவாப் போகணுமாம்!” என்று கத்தினான்.

ஒரெஸ்தே சிரித்தான். “போகச் சொல்லு அவனுங்க பாட்டியை! பெலிசாரி பின்னாடி மூச்சு விட்டுட்டு வர்றான், இவனுங்க மெதுவான்னு எழுதிக் காட்டறானுங்க!”

எவாரிஸ்தோவும் சிரித்தான். பிறகு இருபுறமும் நின்ற ஜனங்களைப் பார்த்தான். யாரும் கொடி ஆட்டவில்லை. யாரும் குதிக்கவில்லை. எல்லோரும் கையை நீட்டி, உள்ளங்கையால் கீழே அமுக்கிக்கொண்டிருந்தார்கள். தோளில் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவன், சமையல் கரண்டியோடு நின்ற பெண், டிராக்டர் மேல் நின்ற கிழவர். இந்தப் பக்கம் ஷெவ்ரலே ஆட்கள் அதைச் செய்தார்கள். அந்தப் பக்கம் பார்த்தான். ஃபோர்டு ஆட்களும் அதையே செய்தார்கள்.

எவாரிஸ்தோ பதினைந்து வருஷமாக இந்தப் பந்தயங்களில் ஓடுகிறான்; சாலையின் இரண்டு பக்கமும் ஒரே காரியத்தைச் செய்து அவன் பார்த்ததே இல்லை. மழை வந்தால்கூட ஒரு பக்கத்து ஆள் குடையில் மறு பக்கத்து ஆள் ஒதுங்க மாட்டான்.

“ஒரெஸ்தே, நிஜமா என்னமோ இருக்கு! மிதியை எடு!”

“என்ன இருக்கு? எண்ணெய் எப்படி?”

“எண்ணெய் சரி! சூடு சரி! ஆனா ரெண்டு பக்கமும் சொல்றாங்க!”

“எல்லாம் சரின்னா எதுக்கு எடுக்கணும்? நீ மீட்டரைப் பாருடா!”

தூரத்தில் பாலத்தின் திமில் தெரிந்தது. வெயிலில் கானல் ஆடியதால் அது தரையை விட்டு மிதப்பதுபோல இருந்தது. அப்போது ஒரு லாரி வந்தது. வைக்கோல் லாரி. அதன் பக்கப்பலகை முழுக்க, சுண்ணாம்பில், ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது: கெளுத்தி.

எவாரிஸ்தோ அதைப் படித்தான். அவனுக்கே அந்தப் பெயர் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். திரும்பி ஒரெஸ்தேயைப் பார்த்தான். ஒரெஸ்தேயும் படித்துவிட்டான்.

“எவன்டா அது?” என்று அலறினான் ஒரெஸ்தே. “எவன் சொன்னது அவனுங்களுக்கு?”

“தேலியா! வேற யாருக்குத் தெரியும்? தேலியாதான் சொல்றா! எடு, எடு, எடு!”

சொல்லிக்கொண்டே ஒரெஸ்தேயின் தொடையில் ஓங்கிக் குத்தினான். கால் மிதியை விட்டு எழும்பியது. அடுத்த கணம் ஒரெஸ்தே தானாகவே பிரேக்கை மிதித்தான். வேகம் குறையத் தொடங்கியபோதுதான் அவன் கையில் ஸ்டியரிங் மறுபடி கனம் பெற்றது. அதுவரை அது காற்றில்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

பிரேக் போதவில்லை. கார் பாலத்தில் ஏறிவிட்டது. மூக்கு தூக்கியது. கண்ணாடிக்கு முன்னால் சாலை மறைந்து வெறும் வானம் மட்டும் தெரிந்தது. எவாரிஸ்தோ கண்ணை மூடவில்லை என்று சொல்வான், மூட மறந்துவிட்டதாம். வானம் அப்படியே நின்றது. இயந்திரம் சுமையில்லாமல் வீறிட்டது. ஒரெஸ்தே தாயைக் கூப்பிட்டானா, சாபம் போட்டானா, தெரியவில்லை. பிறகு மூக்கு மெல்ல, மிக மெல்லச் சாய்ந்தது. முன்சக்கரங்கள் ‘டொம்’ என்று தரையில் விழுந்தன. கார் குறுக்கே திரும்பி, சாலையை விட்டு இறங்கி, கம்பி வேலியை இழுத்துக்கொண்டு சோள வயலுக்குள் போய் நின்றது.

இயந்திரம் நின்றுவிட்டது. சோளத் தட்டைகள் கண்ணாடியில் உரசின. பெலிசாரியின் கூபே பாலத்தைத் தாண்டிக் கர்ஜித்துப் போனது கேட்டது.

“உயிரோட இருக்கியா ஒல்லி?”

“நீ இல்லைன்னா நானும் இல்லைன்னு அர்த்தம். நீ பேசறியே.”

இறங்கிப் போய் முன்னால் பார்த்தார்கள். தாடை இருந்த இடத்தில் கிழிந்த துளைகள் மட்டும். ஒரெஸ்தே அந்த விளிம்பைக் கையால் தடவினான்.

மேலே பறந்துகொண்டிருந்த ஒலிபரப்பு விமானத்திலிருந்து செய்தி வந்தபோது நாங்கள் எழுப்பிய சத்தத்தில் குதிரைகள் வேலியை முறித்துக்கொண்டு ஓடின. “கார் வயல்ல நிக்குது. ரெண்டு பேரும் வெளியில வந்துட்டாங்க. ஒருத்தர் சிகரெட் பத்த வைக்கிறார்.” தேலியா தகட்டை மடியிலிருந்து கீழே வைத்தாள். பால் வண்டிக்காரர்தான் தன் ஃபோர்டு தொப்பியில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். ஃபெர்மின் தள்ளி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

கூட்டம் காரைத் தள்ளிச் சாலையில் ஏற்றியது. நூற்றைம்பதைத் தாண்டாமல் மீதியை ஓட்டி முடித்தார்கள். ஒன்பதாவது இடம். பெலிசாரி ஜெயித்தான். கூடாரத்துக்கு வந்து இறங்கியதும் எவாரிஸ்தோ நேராகத் தேலியாவிடம் போனான். இருவரும் அணைத்தபடி அசையாமல் நின்றார்கள். ஒரெஸ்தே ஹெல்மெட்டைத் தரையில் வீசினான்.

“நாட்டுல இருக்கற அத்தனை ரேடியோவிலயுமா சொல்லணும்? வயல்ல காரைத் தள்ள வந்த ஒருத்தன் என்னைப் பார்த்து ‘வாங்க கெளுத்தி’ங்கறான்!”

“செத்திருந்தா யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க” என்றாள் தேலியா. அதன் பிறகுதான் அழுதாள்.

அந்த வாரமே, வியாழக்கிழமை, பட்டறை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. இறங்கியவன் தாந்தே பெலிசாரி. லாரியின் முதுகில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார்.

“உள்ள வரலாமா?”

“ரோட்டுல முந்தி வரும்போது இப்படிக் கேட்க மாட்டியே” என்றான் ஒரெஸ்தே.

பெலிசாரி தார்ப்பாயை விலக்கினான். அவனுக்கும் புதுக் கார் தயாராகிக்கொண்டிருந்தது. வர்ணம் பூசாத அலுமினியம், சோப்புக்கட்டியைவிடத் தாழ்ந்த மூக்கு. அடியில் ஒன்றும் இல்லை.

“அடுத்த மாசம் இதுல ஓடறதா இருக்கேன். பக்கத்துல என் தம்பி உட்காருவான். அன்னைக்கு பாலத்துல உன் கார் எழும்பி நின்னதைப் பின்னாடியிருந்து நான் பார்த்தேன் ஒரெஸ்தே. அதுக்கப்புறம் தூக்கம் வரல. உன் தங்கச்சி ஒரு தடவை பார்த்துச் சொன்னா போதும்.”

ஃபெர்மின் ஒரெஸ்தேயை ஓரமாக இழுத்தார். “சொல்லிக் கொடுத்தா அவனை இனிமே பிடிக்கவே முடியாது.”

ஒரெஸ்தே தலையாட்டினான். “தேலியா, வேணாம். அவனுக்கும் எஞ்சினியர் இருக்கான்ல.”

தேலியா யாரையும் பார்க்கவில்லை. தரையில் படுத்து மூக்கின் அடியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பின்னல் கூடையிலிருந்து கம்பளி நூல்கண்டை எடுத்து வந்தாள். சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, பசை நாடாவால் காரின் மூக்கிலும் பக்கங்களிலும் ஒட்டினாள். “இருநூறுல போங்க. நான் பக்கத்துல இன்னொரு கார்ல வந்து நூல் எப்படி ஆடுதுன்னு பார்க்கறேன்” என்றாள் பெலிசாரியிடம். “ஒரெஸ்தே, சோப்புக்கட்டிக்குத் தாடையைத் திரும்ப மாட்டியாச்சு, அதை நீ ஓட்டு. வேற யாரும் அவ்வளவு கிட்டப் போக மாட்டாங்க.”

ஒரெஸ்தே முணுமுணுத்தான். சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

மாலைக்குள் மூன்று தடவை ஓடினார்கள். மூன்றாவது தடவை மூக்கின் மேல் நூல்கள் எல்லாம், காற்று மூக்கைத் தூக்குவதற்கு அடையாளமாக, நேராக எழும்பி நின்றதைத் தேலியா கண்ணால் பார்த்தாள். திரும்பி வந்து, தாடை எங்கே வர வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும் என்று சாக்பீஸால் அலுமினியத்திலேயே கோடு போட்டுக் கொடுத்தாள். பெலிசாரி நன்றி சொல்லத் தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினான்.

அடுத்த பந்தயத்தில் அந்தக் கார் எங்களைத் தோற்கடித்தது. ஒரெஸ்தே இரண்டாவது. ஒரு வாரம் தங்கையோடு பேசாமல் இருந்தான்.